இடது கால் கணக்கு

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

அக்டோபர் 6 முதல் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மெயில். சனி, ஞாயிறு முழுக்க இதையே நினைத்துக் கிடக்கட்டும் என்றுதான் அந்த நேரம் பார்த்து அனுப்புகிறார்கள்.

வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டி, ஏறக்குறைய 18 கிலோமீட்டர். ஸ்கூட்டர் என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை.

ஆக, கார். பழைய கார். ஏழு லட்சத்துக்குள். இப்போதைக்கு இவ்வளவுதான் தெளிவு.

செப்டம்பர் 15, திங்கள்

இடது முட்டி 125 டிகிரி மடங்குகிறது. கிளட்ச் மிதிக்கலாமா என்று பிசியோவிடம் கேட்டேன். “ஆட்டோமேட்டிக் வாங்கிக்கோங்களேன் மேடம்.” கேட்டது அதுவா?

செப்டம்பர் 17, புதன்

தம்பி ஓசூரிலிருந்து கூப்பிட்டான். “அக்கா, ஏ.எம்.டி. எடுத்துட்டு நிம்மதியாப் போ.” அரை மணி நேரம் அவனோடு சண்டை.

ஏ.எம்.டி. என்றால் தானே கியர் மாற்றும் வண்டி. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச். மிதிக்கிற வேலையை மட்டும் ஒரு கருவி பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு கியருக்கும் முன்னால் கொஞ்சம் யோசிக்கிறது, வண்டி தலையாட்டுகிறது. துடியலூரில் பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் நடுவே நுழையும்போது அந்த யோசிக்கிற நேரத்தை நான் விட்டுக்கொடுக்க முடியாது. டார்க் கன்வர்ட்டர் என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் வழுவழுவென்று போகும். ஆனால் ஏழு லட்சத்துக்குள் சின்ன காரில் கிடைப்பது அபூர்வம். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் பெட்டி வேகம்தான். அதில் டிரை கிளட்ச், அதாவது எண்ணெயில் மூழ்காத வகை ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும், வாரண்டி முடிந்த வண்டியில் அது மக்கர் செய்தால் பில் லட்சத்தைத் தொடும்.

இத்தனையும் அவனிடம் சொன்னேன். இத்தனையும் சாக்கு.

எனக்கு மூன்றாவது கியர் வேண்டும். வெள்ளக்கிணறு தாண்டியதும் ரோடு கொஞ்சம் மூச்சு விடுகிற இடத்தில், இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளி, நாற்பதிலிருந்து எழுபது வரை ஒரே இழுப்பு. மொத்தம் ஐந்து விநாடி. ஒரு நாளில் எனக்கென்று இருக்கப் போவது அந்த ஐந்து விநாடிதான். அதையும் ஒரு மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்ய?

செப்டம்பர் 20, சனி

பாத்ரூம் எடை மிஷினைச் சுவரில் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்து இடது காலால் அழுத்திப் பார்த்தேன். 19 கிலோவில் வலி. வலது கால் 40ஐத் தாண்டியது. மகள் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

கிளட்ச் மிதிக்க எத்தனை கிலோ வேண்டும் என்று கணபதியில் இருக்கும் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தேன். “அதெல்லாம் யாரு அம்மணி எடை போட்டா? மிதிச்சாப் போகுமுங்க.”

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. அப்பாவுக்குப் படையல். கார் பேச்சு இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று முதல் ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது. 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸுமாக இருந்த சின்ன கார்களுக்கு இனி 18தான். அலுவலக வாட்ஸாப் குரூப்பில் எல்லாரும் “பழசு எதுக்கு, புதுசே எடு” என்கிறார்கள்.

புதுசு எடுக்கலாம். ஆனால் என் காசுக்கு வரும் புதுசு எது? 2024 மே மாதம் வந்த ஸ்விஃப்டில் நாலு சிலிண்டர் மூன்றாகிவிட்டது, 90 குதிரைத்திறன் 82 ஆகிவிட்டது. மைலேஜ் கூடியிருக்கிறது, சரி. மைலேஜை வைத்து யாராவது சிரித்திருக்கிறார்களா? அதே காசுக்கு நாலைந்து வருடப் பழைய வண்டி என்றால் டர்போ கிடைக்கும், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளி இழுவை கூட்டும் எஞ்சின். பெலினோ ஆர்.எஸ். என்று ஒன்று 2017இல் வந்தது. ஒரு லிட்டர் டர்போ, 102 குதிரை, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். விற்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். நல்லதையெல்லாம் நம் ஊரில் நிறுத்திவிடுவார்கள்.

ஒரு நல்லது: புது வண்டி விலை இறங்கியதால் பழைய வண்டிக்காரர்களும் இறங்கித்தான் ஆக வேண்டும். “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை மேடம்” என்றார் ஒரு புரோக்கர். சம்பந்தமில்லாதவர் ஏன் தானாகவே பதினைந்தாயிரம் குறைத்தார்?

செப்டம்பர் 24, புதன்

புரட்டாசியில் வண்டி எடுக்க வேண்டாம் என்கிறார் அம்மா. ஆயுத பூஜை புரட்டாசியில்தானே வருகிறது என்றேன். “அது இருக்கிற வண்டிக்கு.”

செப்டம்பர் 27, சனி

வெள்ளை கார். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, தப்பு கம்பெனியுடையது அல்ல. மீட்டரில் 42,000. ஒரே ஓனர், டாக்டர் ஓட்டியது. (விற்பனைக்கு வரும் வண்டியெல்லாம் டாக்டர் ஓட்டியதாகவே இருக்கிறது. இந்த ஊரில் இத்தனை டாக்டர் இருந்துமா எனக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் போனது?)

மெக்கானிக் அண்ணன் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. முதலில் கண்ணாடிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் தயாரித்த வருடக் குறி இருக்கிறது. ஐந்து கண்ணாடி ஒரு வருடம், இடது பின்கதவு மட்டும் வேறு வருடம். அடுத்து கதவு ரப்பரை விரலால் பிரித்து உள்ளே ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைத் தடவினார். கம்பெனியில் வைத்த புள்ளி ஒரே இடைவெளியில் வட்டமாக இருக்குமாம். இங்கே புட்டி பூசி மறைத்திருந்தது. அடுத்து பானட் போல்ட்: தலையில் பெயின்ட் பெயர்ந்திருந்தது, அதாவது யாரோ ஸ்பானர் போட்டிருக்கிறார்கள். டயரில் நாலு இலக்கம், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். நாலும் புத்தம் புதுசு. 42,000 ஓடிய வண்டிக்கு எதற்கு நாலும் புதுசு?

சீட்டைத் தூக்கி சர்வீஸ் பில் ஒன்றை எடுத்தார். யாரோ துடைக்க மறந்த ஒரே காகிதம். இரண்டு வருடம் முந்தைய தேதி. கிலோமீட்டர் 61,300.

புரோக்கர் டீ வாங்கி வரப் போனவர் திரும்பவில்லை.

“அம்மணி, மீட்டரை நம்பாதீங்க. பெடல் ரப்பரைப் பாருங்க, ஸ்டீயரிங்கைப் பாருங்க. கையும் காலும் பட்ட எடம் பொய் சொல்லாது.” கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. யாருடைய இடது காலோ.

செப்டம்பர் 28, ஞாயிறு

திருப்பூர் போய் ஃபியட்டின் அபார்த் புன்டோ பார்த்தேன். 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரை. வாங்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் போனேன். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, ஸ்பேர் பார்ட்ஸுக்கு நான் எங்கே அலைவேன்?

ஓனர் முப்பது வயதுப் பையன். “ஓட்டிப் பாருங்க அக்கா.” இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே சாதாரண வண்டி. அதற்கு மேலே, அம்மாடி.

திரும்பும்போது பஸ்ஸில் முட்டி வீங்கியிருந்தது. ஐஸ். இது எழுதும்போதும் ஐஸ். இருந்தும் சிரிப்பு வருகிறது.

அக்டோபர் 1, புதன்

அம்மா ஸ்கூட்டரின் கவரை எடுத்துவிட்டு, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் நசுக்கியிருக்கிறார். நான் வெளியே போகவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

முதல் நாள். சீரநாயக்கன்பாளையத்தில் இருக்கும் டீம் லீடர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். இடையர்பாளையம், கவுண்டம்பாளையம், துடியலூர், வெள்ளக்கிணறு, சரவணம்பட்டி. ஒரு மணி நேரம் பத்து நிமிடம். அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு போனேன். தப்பாக நினைத்திருப்பார். கிளட்ச் மிதித்தது 143 முறை.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மாதம் 22 நாள்: 6,292.

அக்டோபர் 7, செவ்வாய்

157. துடியலூரில் லாரி நின்றுவிட்டது.

அக்டோபர் 8, புதன்

தம்பி சொன்னது சரியோ? ஏ.எம்.டி. போதுமோ? இன்று இரவு முழுக்க எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. 44 வயதில் யாருக்கு மூன்றாவது கியர்? ஆறு மாதம் முன்னால் சுவரைப் பிடித்து நடந்தவள். மகள் பிளஸ் டூ. அவள் கேட்பது சன்ரூஃப். அதையாவது வாங்கித் தொலைக்கலாம்.

அக்டோபர் 9, வியாழன்

நேற்று எழுதியதை அடிக்காமல் விடுகிறேன்.

அவிநாசி ரோடு மேம்பாலம் திறந்துவிட்டார்கள். 10.1 கிலோமீட்டர், ஜி.டி.நாயுடு பெயர். என் வழியில் இல்லை. எனக்கு எதுவும் வழியில் இருப்பதில்லை.

அக்டோபர் 11, சனி

ஃபோக்ஸ்வாகன் போலோ, 2021, ஒரு லிட்டர் டி.எஸ்.ஐ. டர்போ, 110 குதிரை, ஆறு கியர். சாம்பல் நிறம். மேம்பாலம் முழுக்கக் கூட்டம், செல்ஃபி எடுக்க வந்தவர்களுக்கு நடுவே ஊர்ந்தோம். கோல்டுவின்ஸில் இறங்கி நீலாம்பூர் பக்கம் போனதும் கொஞ்சம் விட்டேன். கதவை மூடும் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். கிளட்ச் வெண்ணெய். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டேகால் லட்சம். 2022இல் உற்பத்தியை நிறுத்தியதிலிருந்து வைத்திருப்பவர்கள் தங்கம் போல வைத்திருக்கிறார்கள். ஏழரை கேட்டேன். “பிடிச்சவங்க வருவாங்க மேடம்” என்று சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை என்றா சொன்னேன்?

அக்டோபர் 12, ஞாயிறு

தூக்கமில்லை. பெட்ரோல் பற்றியே யோசனை. பங்க்கில் இப்போது வருவது ஈ-20, அதாவது நூற்றில் இருபது எத்தனால். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஈ-10க்கு என்று வடிவமைத்தவை. எத்தனாலுக்கு எரிசக்தி குறைவு, ஆகவே மைலேஜ் இறங்கும்; அதை அரசே ஒப்புக்கொள்கிறது, கொஞ்சம்தான் என்கிறது. ரப்பர் குழாய், கேஸ்கட் என்ன ஆகும் என்பதில் ஆளுக்கு ஒரு பேச்சு. இதை எதிர்த்துப் போன பொதுநல வழக்கைச் சுப்ரீம் கோர்ட் செப்டம்பர் 1ஆம் தேதி தள்ளிவிட்டது. நான் பார்க்கும் எல்லா வண்டியும் 2023க்கு முந்தியது. அப்போ புதுசா? புதுசு என்றால் மூன்று சிலிண்டர், 82 குதிரை.

மணி 2.40. மெக்கானிக் அண்ணன் சொன்னது நினைவுக்கு வருகிறது: “டேங்கை மாசக்கணக்குல தேக்கி வெக்காதீங்க, தெனம் ஓட்டுங்க, ரப்பரை வருசம் ஒருக்கா பாத்துக்கலாமுங்க.” தினம் ஓட்டத்தானே வாங்குகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

டியாகோ ஜே.டி.பி. சிவப்பு. 2019. பட்டியலிலேயே இல்லாத வண்டி.

அந்த ‘ஜே’ நம் ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் கம்பெனி. டாடாவும் அவர்களும் சேர்ந்து 2018இல் கொண்டு வந்து, 2020இல் மூட்டை கட்டிவிட்டார்கள். நெக்ஸானின் 1.2 டர்போவைச் சின்ன டியாகோவுக்குள் வைத்து, ஸ்பிரிங்கை இறுக்கி, 114 குதிரை. புதிதாக 6.39 லட்சத்துக்கு விற்ற வண்டி. இவர் கேட்பது 4.85.

விற்பவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், பி.என்.புதூர். மகன் ஆசையாக வாங்கியது, அவன் இப்போது வெளிநாட்டில். வாரம் ஒருமுறை இவர் காய்கறி வாங்க ஓட்டியிருக்கிறார். மீட்டர் 38,200. பெடல் ரப்பரைத்தான் முதலில் பார்த்தேன். கோடுகள் அப்படியே இருந்தன.

போலோவின் நாசூக்கு இதில் கிடையாது. கதவு மூடினால் டப்பா சத்தம்தான். ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த பேராசிரியர் “மெதுவாம்மா” என்றார். அந்த ஐந்து விநாடி இதில் இருக்கிறது.

மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்து எழுந்தார். “நம்ம ஊர்க்காரங்க கை வெச்ச வண்டி அம்மணி, எடுங்க. பம்பர் ஒடஞ்சா மட்டும் எங்கிட்ட வராதீங்க, எங்கீமே கெடைக்காது.”

அக்டோபர் 15, புதன்

எங்கே போனாலும் ஒரு ஆனால். ஆர்.சி.யில் இன்னும் பேங்க் பெயர் இருக்கிறது. கடன் 2022இலேயே கட்டி முடித்தாகிவிட்டது, ஹைபோதிகேஷனை, அதாவது கடன் அடமானக் குறிப்பை, நீக்க மறந்துவிட்டார்கள். பேங்க் தரும் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) ஃபார்ம் 35உம் வேண்டும். அது முடிந்தால்தான் ஃபார்ம் 29, 30 போட்டு என் பெயருக்கு மாற்ற முடியும். கடன் வாங்கிய கிளை வேறு ஊரில், இன்னொரு கிளையோடு சேர்ந்துவிட்டதாம். “தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம்மா.”

அட்வான்ஸ் கொடுக்கவா? கொடுக்காவிட்டால் வேறு யாராவது? 4.85க்கு வேறு யார் ஜே.டி.பி. தேடி வருவார்கள்? வந்துவிட்டால்?

அக்டோபர் 16, வியாழன்

151. போன் இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

போன் இல்லை. நானே செய்தேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி பிறந்துவிட்டது என்றார் அம்மா, நான் கேட்காமலே. எடை மிஷினில் இடது கால் 27.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலை ஆறரைக்குப் பேராசிரியரே கூப்பிட்டார். என்.ஓ.சி. மெயிலில் வந்துவிட்டதாம், மகன் அங்கிருந்தே பேசி வாங்கியிருக்கிறான். “பையன் ஒண்ணே ஒண்ணு சொல்றாம்மா. வண்டியை அடிக்காம, ஆனா ஓட்டச் சொல்றான். எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியுமாம்.”

ஐம்பதாயிரம் அனுப்பினேன். தம்பிக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 25, சனி

சன்ரூஃப் இல்லையா என்றாள் மகள். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, போலாமா என்றாள். பெயர் மாற்றம் ஆன்லைனில் போட்டாகிவிட்டது, இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற வேண்டும். அம்மா நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். ஸ்கூட்டரைக் கொஞ்சம் நகர்த்தித்தான் இடம் பண்ண வேண்டியிருந்தது. நான்தான் நகர்த்தினேன்.

அக்டோபர் 27, திங்கள்

136.