போன கிழமை ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீங்களா?

தொழிற்படைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போகும் வேலையைத் திருகோணமலையில் கொஞ்சக் காலம் செய்தேன். ஸ்கூட்டியில் போய், கதிரை தந்தால் இருந்து, தராவிட்டால் வேலியோரம் நின்று கேட்க வேண்டும். முக்கியமான கேள்வி ஒன்றுதான். போன கிழமை கூலிக்கோ, சொந்தத் தொழிலிலோ ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா? ஆம் என்றால் அவர் வேலையுள்ளவர். இல்லையென்றால், கடந்த நாலு கிழமைக்குள் வேலை தேடினீர்களா, கிடைத்தால் போவீர்களா என்று கேட்போம். தேடியவர்தான் வேலையற்றவர். தேடாதவர் இந்த இரண்டு பேரும் சேர்ந்த தொழிற்படையிலேயே இல்லை. இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல, சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் வரையறையை ஒட்டி உலகம் முழுக்க இப்படித்தான் கேட்கிறார்கள்.

பயிற்சி வகுப்பில் எல்லாம் விளங்கியது. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில்தான் குழம்பிப் போனேன்.

தை மாதம், வாடைக் காற்று. வள்ளங்களெல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. அண்ணன் ஒருவர் வேப்ப மரத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்தார். "வேலையா? சும்மாதான் இருக்கன் பிள்ள, கடலுக்குப் போய் இருபது நாளாச்சு" என்றார், கை மட்டும் நிற்கவில்லை. சொந்த வலையைப் பொத்துவதும் தொழில்தான், ஒரு மணித்தியாலத்துக்கு மேலேயே பொத்தியிருப்பார், ஆகவே அவர் வேலையுள்ளவர். அரிசி கடைக் கொப்பியில் கடனாக ஏறிக்கொண்டிருந்ததை அவர் மனைவி சொன்னார். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

இங்கே வேலை காற்றைப் பார்த்து வரும், காற்றைப் பார்த்துப் போகும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கும் புறாமலைத் தீவுக்கு ஆள் ஏற்றும் படகுகளுக்கும் மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் சீசன். கரைவலைக்கும் கிட்டத்தட்ட அதே மாதங்கள்தான். ஐப்பசி மழை விழுந்தால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும், ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்ற கதையே இல்லை. வயல் வெட்டுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் இப்போது மெசின் இறங்கிவிட்டது. வாடைக்கு, அப்போது சீசன் இருக்கும் தெற்கே ஹிக்கடுவைப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போகும் பொடியன்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்குச் சிங்களம் வேண்டும், அங்கே தங்க ஒரு இடமும் வேண்டும்.

கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், "உங்களுக்கென்ன, துறைமுகமே இருக்குதே" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். சரி, இருக்கிறது. மாவாலை இருக்கிறது, சீமெந்து ஆலை இருக்கிறது, வெள்ளைக்காரன் கட்டியதில் மிஞ்சிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன, பெரும்பாலானவை காட்டுக்குள். இவற்றுக்கெல்லாம் ஆழக் கடலும் நிலமும் இயந்திரமும்தான் நிறைய வேண்டும், ஆட்கள் அவ்வளவு வேண்டாம். சம்பூரைப் பாருங்கள். 2006 சண்டையில் சனம் இடம்பெயர்ந்தது, அந்த நிலத்தில் அனல்மின் நிலையம் வரும் என்றார்கள், 2016இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. இடையில் போன வருடங்களில் அந்தச் சனத்தின் தோட்டமும் மாடும் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் குடாவுக்கு அக்கரையில் இருக்கும் மூதூர். 2009இல் கிண்ணியாப் பாலமும் பிறகு அந்த வீதியின் மற்றப் பாலங்களும் திறந்ததும், ஆளையும் வண்டியையும் ஏற்றும் படகுப் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை, உண்மை. ஆனால் திருகோணமலை டவுனில் கடை பூட்ட இரவாகிவிடும், அதற்குப் பிறகு ஒரு பிள்ளை எந்த பஸ்ஸில் வீட்டுக்கு வருவாள்? நாடு முழுக்கப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள், கிழக்கில் அதைவிடக் குறைவு. வாசலில் நின்று பார்த்தால் இது விருப்பத்தைப் பற்றிய கணக்காக எனக்குத் தெரியவில்லை, பஸ்ஸைப் பற்றியதாகத்தான் தெரிந்தது. சவுதிக்கோ குவைத்துக்கோ போன தாய்மார் அந்த வீட்டுக் கணக்கிலேயே வரமாட்டார்கள். வேலை தேடி நாட்டை விட்டே போனவர் எங்கள் படிவத்திலிருந்தும் போய்விடுகிறார்.

மூதூரில் ஒரு வீட்டில் கலைப் பட்டதாரி ஒருத்தி இருந்தாள். வேலை தேடினீங்களா என்றேன். "கெசட் வந்தாப் போடுவன் மிஸ்." அரசாங்க வேலை அறிவிப்பு வரும் அந்த வர்த்தமானியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்க்கிறாளாம். அரசாங்க வேலைக்குக் காத்திருப்பவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது லேசு. 2020இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை ஒரேயடியாகப் பயிலுனர்களாக எடுத்தார்கள், அவளுடைய சாச்சி மகள் அதில் போனவள். கண் முன்னால் ஒருத்திக்குக் கிடைத்திருக்கும்போது, பஸ் காசுக்கே பாதி போகும் கடைச் சம்பளத்துக்கு யார் போவார்கள்?

அந்த மாதம் அவள் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. தொழிற்படைக்கு வெளியே என்று எழுதப் போனேன். விறாந்தையில் நாலு சின்னப் பிள்ளைகள் பாயில் இருந்து பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தன. யார் இவங்க என்று கேட்டேன். ரியூசனாம், கையில் இருக்கிற நேரம் தாய்மார் ஏதோ தருவார்களாம். ஒரு மணித்தியாலம் எப்போதோ தாண்டியாயிற்று. அடித்துவிட்டு, வேலையுள்ளவர் என்று மாற்றி எழுதினேன். இந்த வரையறையின்படிதான் நாட்டின் வேலையின்மை வீதம் பல வருடமாக நூற்றுக்கு நாலு, ஐந்து என்று நிற்கிறது.

அவள் எட்டிப் பார்த்தாள். "என்ன மிஸ் போட்டீங்க?" சொன்னேன். உள்ளே திரும்பி, "உம்மா, எனக்கு வேல கிடச்சிட்டாம்" என்று கூப்பிட்டாள். உம்மா அடுப்படியிலிருந்து ஓடியே வந்துவிட்டார், அவருக்கு விளங்கப்படுத்தத்தான் எனக்கு நேரம் பிடித்தது.