31ஆம் நாளுக்கு முன்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எனக்கு என்ன தொழில் என்று யாரும் கேட்டால், "கல்வெட்டு அடிக்கிறேன்" என்பேன். யாழ்ப்பாணத்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: செத்தவீடு முடிந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகம் அது. இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, பஞ்சபுராணம் என்னும் ஐந்து சைவத் திருமுறைப் பாடல்கள், தவறியவரின் வாழ்க்கை, கடைசியில் வம்சாவளி. நடுவில் கம்பி அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கங்கள் நாலு நாலாகத்தான் கூடும்: 16, 20, 24.

அப்பா பருத்தித்துறையில் அச்சுக்கோப்பவர். 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் தாள் கிடைக்காதபோது, கோடு போட்ட கொப்பித் தாளிலும் கல்வெட்டு அடித்திருக்கிறார். ஈய எழுத்தைத் தலைகீழாக வாசிக்க அவரிடம்தான் பழகினேன். 1999இல் ரொறன்ரோ வந்தபோது அந்தப் பழக்கம் இனி எதற்கு என்று இருந்தது. பகலில் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை, பின்னேரம் ஆங்கில வகுப்பு. பக்கத்து வீட்டு ஐயா தவறிய கிழமை, கல்வெட்டுக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அவருடைய பிள்ளைகள் நின்றார்கள். எங்கள் பேஸ்மென்டில் இருந்த பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் நானே தட்டிக் கொடுத்தேன்.

நாலாவது புத்தகத்தில் பிழை விட்டேன். வம்சாவளியில் ஒரு மகளின் பெயர் விடுபட்டுப் போனது. அவ ஊரில் இருந்தவ. தொலைபேசியில் அழவில்லை, ஏசவில்லை. "அப்பாவின்ர செத்தவீட்டுக்கும் வரேலாமல் போச்சு அக்கா. அந்தப் புத்தகத்திலையாவது நான் இருக்க வேணும்" என்று மட்டும் சொன்னா. 250 பிரதியையும் என் செலவில் திரும்ப அடித்தேன். அன்றிலிருந்து, வீட்டார் இரண்டு பேருக்கு வம்சாவளியை வாய்விட்டு வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு விடுவதில்லை.

கலியாணக் கார்டும் சாமத்தியவீட்டு (பூப்புனித நீராட்டு) அழைப்பிதழும் அரங்கேற்ற மலரும்தான் கடை வாடகையைக் கட்டுகின்றன. ஆனால் என் மனம் கல்வெட்டில்தான். 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீடுகளில் இருந்த படங்களும் காணி உறுதிகளும் போயின. யார் எந்த ஊர், யாருக்கு யார் பிள்ளை என்று சொல்ல எத்தனையோ குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு கல்வெட்டு மட்டுமே. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இந்த நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. வீட்டார் சம்மதித்தால் ஒரு பிரதியை அங்கே அனுப்பச் சொல்வேன்.

என்னை உறுத்தியது நடுப்பக்கங்கள். "அன்பின் இருப்பிடம், பண்பின் சிகரம்" என்று பழைய கல்வெட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். துக்கத்தில் இருப்பவருக்குச் சொல் வராது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் போதும் என்று பட்டது. அதனால் சனிக்கிழமைகளில் நூலக அறை ஒன்றில் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பழக்கத் தொடங்கினேன். காசு வாங்குவதில்லை. 2016இல் கனடிய நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்ற பிறகு பள்ளிக்கூடங்களும் கூப்பிடுகின்றன.

"எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் புகழ்ச்சிதான் வரும். விடிய எழும்பினால் முதலில் என்ன செய்வார், எந்தக் கதிரையில் இருப்பார், எதை எறிய விடமாட்டார் என்று கேட்கச் சொல்வேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவும் வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய பாடு.

ஒரு விண்டரில் 17 வயதுப் பையன் ஒருவன் அம்மம்மாவின் படத்தோடு கடைக்கு வந்தான். "அவவைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது அன்ரி."

"எதை எறிய விடமாட்டா?"

கனநேரம் யோசித்தான். அடுத்த நாள் றப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எல்லாம் பழைய மாதாந்த பஸ் அட்டைகள். ஒவ்வொன்றிலும் மாதமும் வருடமும் இருந்தன. வரிசையாக அடுக்கினோம். 2001 ஜனவரியிலிருந்து 2012 டிசம்பர் வரை 141 அட்டைகள். முதல் பஸ் பிடித்துக் கந்தோர் கூட்டித் துடைக்கப் போன 12 வருடம் மேசையில் கிடந்தது.

"மூண்டு குறையுது," என்றான். 2007 செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர். விரலை அந்த இடைவெளியில் வைத்தபடி நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "நான் பிறந்தது செப்டெம்பர்."

அந்த மூன்று மாதமும் அம்மம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டில் நின்று மகளுக்குப் பத்தியக் கறி வைத்திருக்கிறா. அதைத் தாயிடம் கேட்டு அவனே எழுதினான். தமிழ் எழுத்துப்பிழைகளைத் திருத்தினேனே தவிர ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கல்வெட்டின் நடுப்பக்கத்தில் 2007 ஓகஸ்ட் அட்டையும் டிசம்பர் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அந்தியேட்டி முடிந்த அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்தான். பின்னால் ஊன்றுகோலோடு அவனுடைய அம்மப்பா. கதிரை இழுத்துப் போட்டு, அவர் முன்னால் போனை வைத்து, "விடிய எழும்பினா முதல் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தான்.