பீக்கோ டிரெயிலில் ஒரு துண்டு

விடியுமுன் கொழும்பிலிருந்து வேனில் கிளம்பினோம். இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வழியாக அப்புத்தளை. பலாங்கொடைக்கு அப்புறம் வளைவுகள்தான். பின் சீட்டில் இருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு எலுமிச்சையை முகர ஆரம்பித்தார்கள்.

பீக்கோ டிரெயில் என்பது இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள் வழியே போகும் நீண்ட நடைபாதை. கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டப் பாதைகள்தான், புதிதாக வெட்டியது குறைவு. முழுதாக நடக்க லீவும் இல்லை, முழங்காலும் இல்லை. அப்புத்தளைப் பக்கம் ஒரு நாள் போதும் என்று முடிவு.

தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை தாண்டி லிப்டன் சீட் என்ற மலையுச்சிக்கு ஏறினோம். தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன் 1890இல் இந்தத் தோட்டங்களை வாங்கினார். அவர் உட்கார்ந்து பார்த்த இடத்துக்குப் பெயர் இருக்கிறது, சிலையும் இருக்கிறது. பாதை வெட்டிக் கொழுந்து சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஏற்றத்தில், கொழுந்து மூட்டையோடு ஓர் அக்கா சாதாரணமாக ஏறி வந்தார். “பஸ் இருக்கே தம்பி, ஏன் நடக்கிறீங்க?”

“சும்மா பார்க்கத்தான் அக்கா.”

“நாங்க தினம் நடக்கிறோம், யாரும் பார்க்க வரலியே!” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

உச்சியில் ரொட்டி, கட்டைச் சம்பல், பால் சேர்க்காத பிளேன்டி. பத்து மணிக்கெல்லாம் மூடுபனி தெற்குச் சமவெளியை மூடிவிட்டது. போகிறவர்கள் விடியற்காலையிலேயே ஏறிவிடுங்கள். இரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ மறக்க வேண்டாம்.