முதல் புகார்

வேறொரு ஓனரின் ஷெட்டைக் கடந்து போனால், சொகுசு வண்டி வாடகைக்கு விடும் லிமோசின்காரனுக்குக் கண் தானாக எண்ணத் தொடங்கிவிடும். எத்தனை வண்டி வெளியே போயிருக்கிறது, எத்தனை தூசி படிந்து நிற்கிறது என்று. நிற்கும் வண்டிகள் அதிகமாக இருந்தால் மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். பதினான்கு வருஷம் நானும் இப்படி எண்ணிக்கொண்டிருந்தவன்தான். அப்படிப்பட்டவனை ஓனர்கள் சங்கம் தொடங்க வைத்தது ஒரு கோபம்.

ஒரு கம்பெனிக்கு வந்த விருந்தினர்கள் ஆறு பேரை விமான நிலையத்தில் ஏற்ற வேண்டும். விமானம் இறங்க நாற்பது நிமிஷம் இருக்கும்போது என் பெரிய வண்டி கியர் விழாமல் நடுரோட்டில் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் போட்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். "அண்ணே, ஒரு வண்டி வேணும், இப்பவே." மறுபேச்சு பேசாமல் அனுப்பினார். டிரிப் நல்லபடியாக முடிந்தது. அடுத்த மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு போனும் வரவில்லை. நானே கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னார்: "அன்னைக்கு வந்த உங்க டிரைவர் கார்டு கொடுத்துட்டுப் போனாரே சார், அவர்கிட்டயே நேரா சொல்லிடுறோம்."

என் டிரைவராம்! அந்த ஓனரோடு எட்டு மாதம் பேசவில்லை.

எங்கள் தொழிலில் இதை ஃபார்ம்-அவுட் என்போம். நம்மால் ஓட்ட முடியாத டிரிப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, பார்ட்டியை, அதாவது வாடிக்கையாளரை, நம் பெயரிலேயே வைத்துக்கொள்வது. ஐந்து வண்டி வைத்திருப்பவனுக்கு ஒரே நாளில் எட்டு டிரிப் வரும். அடுத்த நாள் ஒன்றும் வராது. ஆக, ஃபார்ம்-அவுட் இல்லாமல் சின்ன ஓனர் பிழைக்க முடியாது. ஆனால் கொடுத்தால் பார்ட்டி போய்விடுமோ என்று பயம். எடுத்தால் காசு எப்போது வருமோ என்று பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் எல்லார் ஷெட்டிலும் வண்டிகள் சும்மா நின்றன.

இதற்கிடையில் விமான நிலையத்தில் எங்கள் வண்டிகள் காத்திருக்கும் இடத்தை மாற்றிவிட்டார்கள். முறையிடப் போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க யார் சார்பா பேசுறீங்க?" என்றார். அந்த வாரம் எனக்கு முன்னால் மூன்று ஓனர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஒருவர் கூடுதல் நேரம் கேட்டிருக்கிறார், ஒருவர் பக்கத்து லேன் கேட்டிருக்கிறார், மூன்றாமவர் மற்ற இரண்டு பேருக்கும் லைசென்ஸ் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அதிகாரி மேல் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

சங்கம் தொடங்கலாம் என்று பத்தொன்பது ஓனர்களுக்கு அழைப்பு அனுப்பினேன். அமெரிக்காவில் 1985-இலேயே லிமோசின் ஓனர்கள் தேசிய அளவில் சங்கம் வைத்துவிட்டார்கள் என்று அதில் பெருமையாக எழுதியிருந்தேன். ஒருவர் போன் போட்டார். "தம்பி, எங்கேயோ இருக்கறவனோட சங்கத்துல சேர்றது சுலபம். அடுத்த தெருக்காரனோட உட்காரணும்ங்கறியே!"

பதினொரு பேர் வந்தார்கள். யாரும் யார் பக்கத்திலும் உட்காரவில்லை; ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. மேஜையில் வைத்த போன்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. யாரிடமிருந்து கால் வருகிறது என்று அடுத்தவன் பார்த்துவிடக் கூடாதே!

மூன்று பக்கப் பேச்சு தயாரித்துப் போயிருந்தேன். ஆப் கம்பெனிகள் நம் வயிற்றில் அடிக்கின்றன, எனவே எல்லோரும் சேர்ந்து குறைந்தபட்ச ரேட் ஒன்றை வைத்துவிட்டு அதற்குக் கீழே யாரும் ஓட்டக் கூடாது என்றேன். கைதட்டல்கூட வந்தது. ஒருவர் துணைக்குக் கூட்டி வந்திருந்த வக்கீல் எழுந்து, "இதை மினிட்ஸ்ல எழுதிட்டீங்களா? எழுதலைன்னா எழுதாதீங்க, பேசவும் பேசாதீங்க" என்றார். அமெரிக்காவில் 1890-இல் வந்த ஷெர்மன் சட்டத்திலிருந்து இந்தியாவின் 2002 போட்டிச் சட்டம் வரை, போட்டியாளர்கள் கூடி விலை பேசுவதுதான் இந்தச் சட்டங்கள் முதலில் தடுக்கிற காரியம் என்று விளக்கினார். சங்கம் என்ற பெயரில் செய்தால் தப்பிக்க முடியாது. சங்கத்தின் மினிட்ஸே சாட்சியாகிவிடும். நான் எந்தக் காரியத்துக்காகச் சங்கம் என்று நினைத்தேனோ, அதைச் சங்கம் தொடவே கூடாதாம். மீதி இரண்டு பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அன்று ராத்திரி யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஊபர் 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் சேவை தொடங்கியபோது ஓடியவை சொந்தக் கார்கள் அல்ல. லைசென்ஸ் வைத்திருந்த கறுப்பு லிமோசின் வண்டிகள்தான். இரண்டு டிரிப்புக்கு நடுவில் டிரைவர் சும்மா நிற்கும் நேரத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஷெட்டில் வண்டி நிற்கிறது, இன்னொரு ஷெட்டில் டிரிப் நிற்கிறது. நாங்கள் பேசிக்கொள்ளாமல் விட்ட வேலையை ஒரு போன் ஆப் செய்து முடித்தது.

இரண்டாவது கூட்டத்தில் ஆப்பைப் பற்றிப் பேசவில்லை. ஃபார்ம்-அவுட் பற்றி மட்டும் பேசினோம், நாலு மணி நேரம். கடைசியில் ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் வந்தது. எடுத்த டிரிப்புக்குப் பதினைந்து நாளுக்குள் காசு போய்ச் சேர வேண்டும். எவ்வளவு என்பது அந்த இரண்டு பேர் பாடு, சங்கம் தலையிடாது. டிரைவர், டிரிப் கொடுத்தவரின் பெயர்ப்பலகையைத்தான் பிடிக்க வேண்டும், தன் கார்டை எடுக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு அந்தப் பார்ட்டியிடம் நேரடியாக வேலை வாங்கக் கூடாது, மீறினால் அபராதம். ஆறு மாதமா, இரண்டு வருஷமா என்று பெரிய சண்டை. வக்கீலோ, நீளமாக வைத்தால் அதுவே சந்தையைப் பங்கு போட்டதாக ஆகிவிடும் என்று பயமுறுத்திக் குறைத்தார்.

ஓட்டு விஷயத்தில் கிட்டத்தட்ட உடைந்தே போனோம். நாற்பது வண்டிக்காரர் வண்டிக்கு ஒரு ஓட்டு கேட்டார். ஒற்றை வண்டிக்காரர் எழுந்து, "அப்ப நான் எதுக்கு வரணும், டீ கொடுக்கவா?" என்றார். சந்தா வண்டி எண்ணிக்கைப்படி, ஓட்டு கம்பெனிக்கு ஒன்று என்று முடிந்தது. பெரியவர் மூன்று கூட்டம் வராமல் இருந்துவிட்டு நாலாவதற்கு வந்தார்.

எனக்கு மிகவும் கசந்தது இன்சூரன்ஸ் விதி. வாடகை வண்டிக்கான இன்சூரன்ஸும் தகுதிச் சான்றும் நடப்பில் இல்லாதவருக்கு உறுப்பினர் இடம் கிடையாது. இதனால் என் நெருங்கிய நண்பர் ஒருவரே வெளியில் நின்றார். இதைத் தளர்த்தலாம் என்று நானே ஒரு தடவை பேசினேன். அப்போது ஒருவர் 2018 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹேரியில் நடந்த விபத்தை எடுத்தார். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போன ஸ்ட்ரெச் லிமோசின் இறக்கத்தில் பிரேக் போய்ப் பாய்ந்தது. உள்ளே இருந்த பதினெட்டு பேரும் வெளியே நின்றிருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். ஓட்டக் கூடாது என்று சோதனையில் நிறுத்தப்பட்ட வண்டி அது. ஸ்ட்ரெச் வண்டி என்பது நடுவில் அறுத்து, நீட்டி, ஒட்டியது. எடை கூடும், ஆள் கூடும். பிரேக்கும் அதற்கு ஏற்ப இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் விளக்கும் சோபாவும் யாரைக் காப்பாற்றும்? நான் டிரிப் கொடுத்த வண்டிக்கு ஒன்று ஆனால் பார்ட்டி என் பெயரைத்தான் சொல்லும். தளர்த்தும் பேச்சை அதோடு விட்டேன். நண்பர் சான்று வாங்கிச் சேர ஒரு வருஷம் ஆனது. அதற்கப்புறமும் என்னிடம் முகம் கொடுத்துப் பேச நாளானது.

சங்கம் பதிவாகி ஐந்தாவது மாதம் முதல் புகார் எழுத்தில் வந்தது. அனுப்பியவர் என்னோடு எட்டு மாதம் பேசாமல் இருந்த அதே ஓனர். இப்போது சங்கத்தின் பொருளாளர். அவர் கொடுத்த டிரிப் ஒன்றில் என் டிரைவர் பார்ட்டியிடம் கார்டு நீட்டியிருக்கிறான். நம்பவில்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கதானே சார் எப்பவும் பாக்கெட்ல நாலு கார்டு வெச்சுக்கடான்னு சொல்வீங்க" என்றான்.

சொல்லியிருக்கிறேன். பல வருஷமாக.

கமிட்டி கூடியபோது தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது. அபராதத்தைக் கட்டினேன். பொருளாளர் புது ரசீதுப் புத்தகத்தின் உறையைப் பிரித்து, நடுவில் கார்பன் தாளை வைத்து, என் பெயரை நிதானமாக எழுதினார். ரசீது எண் 1. கிழித்துக் கொடுக்கும்போது, "அந்தக் கம்பெனிக்கு நாளைக்கு ரெண்டு வண்டி குறையுது, உங்ககிட்ட நிக்குதா?" என்றார்.

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. நின்றது, அனுப்பினேன்.