காட்டுக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்த அனுபவம்

தர்மபுரி மாவட்டத்து மலைக்கிராமங்களில் வன உரிமைச் சட்டம் என்றதும் பெரும்பாலோர் நினைப்பது அவரவர் உழுது பயிரிடும் நிலத்துக்கான தனிநபர் உரிமையைத்தான். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வனநிலத்தை அனுபவித்து வரும் பழங்குடிக் குடும்பம் அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை கோரலாம் என்ற செய்தி ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திக் காத்து வந்த காட்டை அந்த ஊரின் கிராம சபையே சமூக வன வளமாகப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் அதே 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு உரிமை தருகிறது என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் எங்கள் குக்கிராமம் இந்த இரண்டாவது உரிமையைக் கேட்டு விண்ணப்பித்தது. வன உரிமைக் குழுவின் செயலாளராக அந்தக் கோப்பைச் சுமந்து அலைந்தவன் என்ற முறையில், அடுத்து விண்ணப்பிக்கும் ஊர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

விண்ணப்பிக்கும் எண்ணம் ஒரு மின்பாதையால் வந்தது. உயர் அழுத்த மின்கோபுரங்கள் எங்கள் காப்புக்காட்டின் வழியாகப் போகக்கூடும் என்று பேச்சு எழுந்து, அளவைக்காரர்கள் பாறைகளில் சிவப்பு வண்ணத்தில் எண் எழுதிவிட்டுப் போன பிறகு ஊர்க்கூட்டம் போட்டோம். கிராம சபை தீர்மானம் இல்லாமல் காட்டில் கைவைக்க முடியாது என்று இளைஞர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் பற்றிக் கிராம சபைகளே முடிவு செய்ய வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், அதன்படி கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அதே 2013-இல், பிப்ரவரி 5 அன்று, சாலை, கால்வாய், குழாய், மின்தொடர் போன்று பல ஊர்களைக் கடந்து நீளமாகச் செல்லும் திட்டங்களுக்குக் கிராம சபையின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. அதை எங்களுக்கு எடுத்துக் காட்டியவர் தர்மபுரியில் எங்களுக்கு ஆலோசனை சொன்ன ஒரு வழக்கறிஞர். மிகவும் நலிவுற்ற பழங்குடியினரின் உரிமைகள் பாதிக்கப்பட்டால் மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. அப்படி அரசு அறிவித்த பட்டியலில் தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனங்களே உள்ளன. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து இருளர் ஊர்களுக்கு அது துணைக்கு வரலாம், எங்களுக்கு வராது. அரசியல் சட்டம் பழங்குடிப் பகுதிகளுக்கென வைத்திருக்கும் ஐந்தாம் அட்டவணையின் கீழ் தமிழ்நாட்டில் எந்த இடமும் அறிவிக்கப்படாததால், அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தருவதும் மற்ற மாநிலப் பழங்குடியினர் கையில் எடுப்பதுமான 1996-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டமும் எங்களுக்கு இல்லை.

ஆகவே, சம்மதம் கேட்பார்கள் என்று காத்திருந்து பயனில்லை என்பதும், காடு எங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் மட்டுமே பேச ஓர் இடம் கிடைக்கும் என்பதும் அந்தக் கூட்டத்தில் தெளிவாயிற்று. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காக 2018-இல் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கல் நட்டபோது, பட்டா வைத்திருந்தவர்கள் நில உரிமையாளர் என்ற தகுதியில் உயர் நீதிமன்றம் போனார்கள். 2019 ஏப்ரலில் நிலமெடுப்பு ரத்தானதும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியதும் பிந்தைய கதை. போவதற்கு அவர்களிடம் ஒரு பட்டாவாவது இருந்தது. இழப்பீட்டிலும் அதே நிலைதான். பட்டா நிலத்தில் கோபுரம் நட்டால், மின் அமைச்சகத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலே அடிநிலத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடு தரச் சொன்னது. காப்புக்காட்டில் நட்டால், இழக்கும் காட்டுக்கு ஈடாகக் கணக்கிடும் நிகர நடப்பு மதிப்பு என்ற தொகையும் ஈடாக மரம் வளர்க்கும் செலவும் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசு நிதியத்துக்குப் போய்ச் சேரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வட்டாய்னிகனேயாப் என்ற மின்தொடர் நிறுவனத்தில் 24 பூர்வகுடிச் சமூகங்கள் சேர்ந்து 51 விழுக்காடு பங்கு வைத்திருக்கின்றன என்றும், சுமார் 1,800 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் பெரும்பங்கு அவர்களுடையது என்றும் அந்த வழக்கறிஞர் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கம்பியில் பங்கு கேட்பதற்கு முன்னால் கம்பி நிற்கும் மண்ணைக் கேட்போம் என்று ஊர்க் கவுண்டர் சொன்னதையே நானும் சரியென்று கருதுகிறேன்.

முதல் தடை கிராம சபை எது என்பதில் வந்தது. எங்கள் ஊராட்சியில் மலை முழுவதும் சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள் அடங்கும். ஊராட்சி அளவில் கிராம சபை கூட்டினால், எங்கள் காட்டைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அதைப் பற்றி முடிவெடுப்பார்கள், பாதிப் பேர் வந்து சேரவும் மாட்டார்கள். வன உரிமைச் சட்டத்துக்காக வகுத்து 2012-இல் திருத்தப்பட்ட விதிகளின் 2A பிரிவு, ஊராட்சிக்குள் இருக்கும் குக்கிராமங்களைப் பட்டியலிட்டு அந்தந்தக் குடியிருப்பின் சபையிலேயே தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் எங்கள் ஊர் தனியாக ஏறும் வரை மற்ற வேலை எதையும் தொடங்கவில்லை. இதைத் தாண்டி ஓடியவர்களின் விண்ணப்பங்கள் பிறகு இந்தக் காரணத்துக்காகவே தள்ளப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அதன்பின் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்தோம். பத்து முதல் பதினைந்து பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் என்ற விதியை நிறைவேற்றுவது எங்களுக்கு எளிதாகவே இருந்தது.

வரைபடம் தயாரித்ததுதான் இந்த வேலையின் உயிர். எல்லையை நடந்தே அளந்தோம். கைப்பேசியில் இடம் குறிக்கும் செயலிக்கு அலைவரிசை கிடைக்க வேண்டியதில்லை என்பது மலையில் பெரிய வசதி. ஆனால் அடர்ந்த மரங்களுக்குக் கீழே புள்ளி பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய் நின்றுவிடும் என்பதால், வானம் தெரியும் பாறையில் ஏறி நின்று குறித்துக்கொண்டோம். எல்லைக் கோட்டோடு நிறுத்தாமல், ஒவ்வோர் இடத்துக்கும் ஊர் வைத்திருக்கும் பெயரையும் அங்கே என்ன நடக்கிறது என்பதையும் எழுதினோம்: கோடையிலும் வற்றாத ஊற்று, பொங்கல் வைக்கும் கோயில் காடு, இடுகாடு, ஆடு படுக்கும் பட்டி, கடுக்காய் மரங்கள் நிற்கும் சரிவு, சீமாறு அறுக்கும் புல்மேடு, தேனெடுக்கும் பாறை. பெரியவர்கள் முன்னே நடந்தார்கள், பள்ளி முடித்த பிள்ளைகள் எழுதினார்கள். எங்கள் காட்டில் ஊற்று எத்தனை இருக்கிறது என்பதை ஒரே தாளில் நானே அன்றுதான் பார்த்தேன்.

தேன் பாறையில் சிக்கல் வந்தது. பக்கத்து ஊர்க்காரர்களும் அதைத் தங்கள் வரைபடத்துக்குள் வைத்திருந்தார்கள். இரண்டு ஊர் இளைஞர்களும் குரலை உயர்த்தத் தொடங்கியபோது, அந்த ஊரில் பெண் கொடுத்திருந்த எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர், "அந்தப் பாறைத் தேனுல ரெண்டு ஊருக்கும் பங்கு உண்டு சாமி, எங்க அப்பன் காலத்திலயே ஒரு வருசம் நாங்க, ஒரு வருசம் நீங்க. நடுவுல கோடு போட்டா தேனீக்குத் தெரியுமா?" என்று கேட்டார். உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் இரு ஊர்களின் வன உரிமைக் குழுக்களும் கூடிப் பேசி முடிவெழுத வேண்டும் என்று விதி 12-லேயே இருக்கிறது. கூடி உட்கார்ந்து, அந்தப் பகுதியைப் பொதுப்பகுதி என்று இரண்டு வரைபடத்திலும் நிழலிட்டு, பாட்டி சொன்ன முறையையே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டோம்.

சான்றுக்கு இரண்டு வகையாவது வேண்டும் என்கிறது 13-ஆவது விதி. பெரியவர்களின் வாக்குமூலத்தைத் தனித்தனியாக எழுதி வாங்கினோம். லேம்ப் சொசைட்டி என்று நாங்கள் அழைக்கும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தில் கடுக்காயும் புளியும் போட்டதற்கான பழைய ரசீதுகள் பரண்களிலிருந்து இறங்கின. கரையான் அரித்தவற்றை உறையில் போட்டு நகலெடுத்தோம். ஆடு மேய்க்கப் பணம் கட்டிய ரசீது ஒரே ஒரு வீட்டில்தான் மிஞ்சியிருந்தது. அதைக் கொடுக்க அந்த வீட்டுப் பெரியவர் நெடுநேரம் தயங்கினார். அதிகாரிகள் கையில் தாள் போனால் திரும்பி வராது என்ற பயம் எங்கள் பக்கத்தில் வீண் பயம் அல்ல. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடத்திய கொடுமைக்கு, 269 பேர் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2011 ஆயிற்று. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். அந்த ஊரைச் சுற்றி வாழ்பவர்களிடம் 'வனத்துறை கையெழுத்து வேண்டும்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. அசல் ரசீது வீட்டிலேயே இருக்கட்டும், நகல் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம்.

கிராம சபையில் மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேரும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். நூறு நாள் வேலை முடியும் பிற்பகலில் கூட்டியதால் பெண்கள் பாதிக்கு மேல் வந்தார்கள், பேசியவர்களிலும் அவர்களே அதிகம். சமூக வன வளத்துக்கான விண்ணப்பமான 'சி' படிவத்தைப் படித்துக் காட்டி, வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, தீர்மானத்தை நிறைவேற்றினோம்.

கள சரிபார்ப்புக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். விண்ணப்பிக்கும் ஊர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இந்த முத்திரையைத்தான். அறிவிப்பு கிடைத்தும் வராத துறை பிறகு ஆட்சேபித்தால், ஒரு முறை மறு சரிபார்ப்பு நடக்கும். அதற்கும் வராவிட்டால் கிராம சபையின் முடிவே இறுதி என்று 12A விதி சொல்கிறது. எங்களுக்கு இரு துறையினரும் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர், கிராம வனக்குழு ஏற்கனவே இருக்கும்போது இது எதற்கு என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். 1997-இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் அமைந்த அந்தக் குழு துறையின் திட்டத்துக்கு ஊர் உதவி செய்யும் ஏற்பாடு என்பதையும், இங்கே திட்டம் போடுவது ஊர் என்பதையும் பாறை நிழலில் உட்கார்ந்து விளக்கினோம். கையெழுத்திட்டுப் போனார்.

அடுத்த கட்டத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தது. செயற்கைக்கோள் படம் இணைக்கப்படவில்லை, துறையின் தடையின்மைச் சான்று இல்லை என்று இரண்டு வரி எழுதியிருந்தார்கள். செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாக இருக்கலாமே தவிர அவற்றுக்கு மாற்றாகாது என்று அதே 12A விதி தெளிவாகச் சொல்கிறது. தடையின்மைச் சான்று என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. கிராம சபையைத் திரும்பக் கூட்டி, விதியை அப்படியே எடுத்தெழுதி, காரணத்தை விரிவாக எழுத்தில் தருமாறு கேட்டுப் பதில் தீர்மானம் அனுப்பினோம். அதற்குப் பிறகு கோப்பு நகர்ந்தது, மெதுவாக. தமிழ்நாட்டில் இந்தச் சட்டப்படி உரிமைச் சான்று வழங்குவது 2008-இல் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் முடங்கி, 2016-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் வழி திறந்தது. அதனால் பல அலுவலகங்களுக்கு இது இன்னும் புது வேலை. கோபப்படுவதைவிட விதிப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பது பலன் தந்தது.

கடைசியில் மாவட்டக் குழு எங்கள் எல்லைக்குள் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், பழங்குடியினர் நல அலுவலர் மூவரும் கையெழுத்திட்ட உரிமைச் சான்று கிராம சபையின் பெயரில் வந்தது. தேன் பாறைப் பொதுப்பகுதி மட்டும் மறு சரிபார்ப்புக்காகத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. மின்பாதை இப்போது அடிவாரத்துப் பட்டா நிலங்களின் வழியாகப் போகும் என்று பேசிக்கொள்கிறார்கள். எங்கள் விண்ணப்பம் காரணமா, செலவுக் கணக்கு காரணமா என்று எங்களுக்கு யாரும் எழுதவில்லை. ஊரில் சிலர் இதை வெற்றி என்கிறார்கள், என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கீழே மஞ்சளும் மரவள்ளியும் போட்டிருக்கும் குடும்பங்கள் எங்களுக்குச் சந்தையில் தினம் முகம் கொடுப்பவர்கள்.

உரிமை வந்ததும் கடமையும் வந்தது. சட்டத்தின் ஐந்தாம் பிரிவு காட்டையும் நீர்நிலைகளையும் காக்கும் பொறுப்பைக் கிராம சபையிடம் தருகிறது, அதற்கான குழுவை 4(1)(e) விதிப்படி அமைத்தோம். மாசி மாதத்தில் புல்மேட்டைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, கடுக்காயைக் கிளை முறிக்காமல் உலுக்கி எடுப்பது, ஊற்றுக்கு மேலே ஆடு ஏற்றாமல் இருப்பது, உண்ணிச்செடியை ஆண்டுக்கு ஒரு சரிவாக வேரோடு பிடுங்குவது என்று முடிவாயிற்று. ஆட்டுக்காரர்களுக்கு ஊற்று விதி பிடிக்கவில்லை, இரண்டு கூட்டம் அதிலேயே போயிற்று. எந்தத் திட்டம் இந்தக் காட்டுக்குள் வந்தாலும், கோபுரமோ சாலையோ ஊற்றுகளின் நீர்வழியிலும் கோயில் காட்டிலும் அமையக் கூடாது என்றும், மரம் வெட்டும் அகலத்தை ஊர்க்குழு நேரில் வந்து அளக்கும் என்றும், வேலையில் ஊராருக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் இந்த முடிவுகளையெல்லாம் சேர்த்த எங்கள் காட்டு நிர்வாகத் திட்டத்தில் தனி அத்தியாயமாக எழுதி வைத்திருக்கிறோம். அந்தத் திட்டத்தை வனத்துறையின் செயல்திட்டத்தோடு இணைக்கக் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு முத்திரை வாங்கியாயிற்று, பதில் வரவில்லை. தேன் பாறையின் மறு சரிபார்ப்புக்கு அறுவடை முடிந்து தை மாதத்தில் தேதி கேட்டு இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதியிருக்கிறோம்.