உப்பு சரியா வராம ஆக்சிஜனைத் தொடாதீங்க

ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துக்கு வாட்டர் குவாலிட்டி மாடல், அதாவது தண்ணி எவ்ளோ சுத்தமா இருக்குன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற மாடல் போட உக்காந்தா எல்லாருக்கும் முதல்ல கை போறது ஆக்சிஜன் மேலதான், மீன் செத்து மிதக்குறது அதாலதானே, நானும் அப்டித்தான் ஆரம்பிச்சேன். மேல இருந்து அடிவரைக்கும் சராசரி எடுக்குற 2டி மாடல், ஆத்தைக் கட்டம் கட்டமா பிரிச்சு ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு நம்பர். லிட்டருக்கு 5 மில்லிகிராம்னு அழகா வந்துச்சு. அப்புறம் ஆக்சிஜன் அளக்குற மீட்டரை தரை வரைக்கும் இறக்கிப் பாத்தா அடியில 2க்கும் கீழ! மேல 7க்கு மேல இருந்திருக்கு. சராசரியப் பாத்து சந்தோசப்பட்டிருக்கேன்.

விஷயம் எடைதான். ஆத்துத்தண்ணி ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 1000 கிலோ, கடல்தண்ணி 1025. அந்த 25 கிலோ வித்தியாசத்துல நல்ல தண்ணி மேலயே வழுக்கிட்டு கடலுக்குப் போகுது, உப்புத்தண்ணி அடியில ஊர்ந்து ஆத்துக்குள்ள ஏறுது, நடுவுல மூடி போட்ட மாதிரி ஆயிடுது. காத்துல இருந்து வர்ற ஆக்சிஜன் கீழ இறங்காது, ஆனா செத்த பாசி, சாக்கடைக் கழிவு எல்லாம் இறங்கும், அதத் தின்னுற பாக்டீரியா இருக்குற ஆக்சிஜனையும் காலி பண்ணிடும். அது போனா சேத்துல இருக்குற பாஸ்பரஸ் வெளிய வந்து பாசிக்கே மறுபடி தீனி.

1925ல ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் அமெரிக்காவுல ஒஹையோ ஆத்துக்குப் போட்ட ஆக்சிஜன் சமன்பாட்டை கையாலயே கணக்குப் பண்ணிடலாம், ஏன்னா ஆறு ஒரே பக்கம் ஓடுது. இங்க பல இடத்துல 12 மணி 25 நிமிசத்துக்கு ஒருக்கா கடல் ஏறும், போன கழிவுல ஒரு பங்கு திரும்பி வரும்.

சரின்னு 3டிக்குப் போனா அங்க வேற கூத்து. கட்டம் பெருசா இருந்தா கணக்கு முறையே உப்பைக் கலக்கி விட்டுடும், மூடி ஒழுகும், அடியில இல்லாத ஆக்சிஜன் கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கும். உடனே கழிவு சிதையுற வேகத்தை திருகி மாடல் போட்ட கோட்டை அளவீட்டோட ஒட்ட வச்சுட்டு காலிபிரேசன் (மாடலை அளவீட்டுக்கு ஒத்துப்போக வைக்குறது) முடிஞ்சுதுன்னு எழுதிடுறாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும். சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு 1957ல கான்கிரீட்ல கட்டி தண்ணி ஓட விட்ட நிஜ மாடல்ல செப்புப் பட்டைய நட்டுதான் உராய்வை சரி பண்ணாங்க, திருகல் ஒண்ணும் புதுசில்ல, ஆனா எதைத் திருகுறோம்னு தெரியணும்ல.

அதுக்குத்தான் முதல்ல உப்பைப் பாக்கணும். அது சிதையாது, யாரும் தின்ன மாட்டாங்க, அதுல தப்பு வந்தா தண்ணி ஓடுறதுலயோ கலக்குறதுலயோதான் தப்பு, சிதையுற வேகத்து மேல பழி போட முடியாது. மேலயும் அடியிலயும் தனித்தனியா பாருங்க, அமாவாசை பௌர்ணமி ஒட்டி நீரோட்டம் வேகமா கலக்கி விட்டுடும், அஷ்டமி நவமி பக்கம் மந்தமாகி மூடி இறுகும், ரெண்டுலயும் ஒத்துப்போகணும்.

எனக்கு அஷ்டமி பக்கம் அடி உப்பு இன்னும் கிலோவுக்கு 4 கிராம் குறைவா காட்டுது. மேல இருந்து அடிவரைக்கும் பிரிக்குற அடுக்கை 10ல இருந்து 20 ஆக்கி ரன் விட்டிருக்கேன், நாளைக்குத்தான் முடியும்.