திருக்கருகாவூரில், வேதிகையை நினைத்துக்கொண்டு

தஞ்சை மாவட்டத்தில் குழந்தை வரம் என்றதுமே பலரும் சொல்கிற கோயில் திருக்கருகாவூர். பாபநாசத்துக்குப் பக்கத்தில், வெட்டாற்றங்கரையில் இருக்கிறது. கரு தங்காதவர்கள் போகிற இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்குத் தங்கியது. மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அப்புறம் மறுபடி தங்கவில்லை. கொடுத்ததைக் காப்பாற்றிக்கொள்ளாதவள் என்று அம்பாள் நினைத்துவிடுவாளோ என்ற பயத்தோடுதான் கணவருடன் கிளம்பினேன்.

முதலில் முல்லைவனநாதர். புற்று மண்ணாலான சுயம்பு லிங்கம் என்பதால் அபிஷேகம் கிடையாது, புனுகுச் சட்டம் என்கிற வாசனைப் பூச்சைச் சாத்துகிறார்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். பஞ்ச ஆரண்யத் தலங்கள் என்கிற ஐந்து வனத் தலங்களை ஒரே நாளில் தரிசிப்பவர்கள் விடியற்காலையில் இங்கே தொடங்கி, அர்த்தஜாமத்தில் திருக்கொள்ளம்புதூரில் முடிப்பார்கள். நாங்கள் அந்தச் சுற்றுக்குப் போகவில்லை. எனக்கு இங்கே அம்பாளான கர்ப்பரட்சாம்பிகையின் சன்னதியில் நேரம் வேண்டியிருந்தது.

தல புராணத்தை முழுசாகத் தெரிந்துகொண்டது அங்கேதான். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை. பிள்ளையில்லாமல் இருந்து, இங்கே வேண்டிக் கர்ப்பமானவள். கணவர் வெளியே போயிருந்த ஒரு நாள், களைத்துப் போய்ப் படுத்திருக்கிறாள். ஊர்த்துவபாதர் என்ற முனிவர் வந்து பிச்சை கேட்கிறார். அவளால் எழ முடியவில்லை. அலட்சியம் செய்கிறாள் என்று நினைத்து அவர் சபித்துவிட, கரு கலைகிறது. அம்பாளிடம் கதறுகிறாள். அம்பாள் அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்து, நாள் நிறைந்ததும் நைதுருவன் என்ற குழந்தையாகக் கையில் கொடுக்கிறாள். பால் கொடுக்கக் காமதேனு வந்ததாகவும், அதன் குளம்பு பட்டு உண்டானதே கோயிலுக்கு எதிரில் உள்ள பால்குளம் என்றும் சொல்கிறார்கள்.

அந்தக் கதையில் அம்பாள் வேதிகையை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னை எல்லோரும் கேட்டார்கள். வண்டியில் போனியா, பப்பாளி சாப்பிட்டியா, கனமான குடத்தைத் தூக்கினியா? அக்கறையாகக் கேட்டவர்களின் கேள்விதான் அதிகம் வலித்தது. முதல் மூன்று மாதத்துக்குள் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம், வழக்கமான வேலைகளைச் செய்ததால் கலையாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கியிருந்தார். புத்தி கேட்டுக்கொண்டது, மனசு கேட்கவில்லை. களைத்துப் படுத்திருந்ததைத் தவிர ஒன்றும் செய்யாத வேதிகையை நினைத்தபோதுதான் மனசும் கேட்டது.

பெயர், நட்சத்திரம் கேட்ட குருக்கள், "நெய்யாம்மா, எண்ணெயாம்மா?" என்றார். குழந்தை வேண்டுபவர்களுக்கு நெய், கர்ப்பிணிகளுக்குச் சுகப்பிரசவத்துக்காக விளக்கெண்ணெய். போன வருஷம் வந்திருந்தால் நான் எண்ணெய் வாங்கியிருப்பேன். எனக்கு வாய் வரவில்லை. "நெய் சாமி. ஒண்ணு தவறிப்போச்சு" என்றார் கணவர். "வேதிகையும் அப்படி நின்னவதானேம்மா, வாங்கோ" என்று சன்னதிப் படியைக் காட்டினார் குருக்கள்.

படியை நெய்யால் மெழுகிக் கோலம் போட்டேன். அம்பாளின் ஒரு கை வயிற்றுக்குக் கீழே, கருவைத் தாங்குவது போல இருக்கிறது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, வரப்போகிற குழந்தைக்கு முன்னால் போன குழந்தைக்காகத்தான் வேண்டினேன். அதையும் உன் குடத்தில் வைத்துக்கொள் தாயே என்றேன். கரு கலைந்த பிறகு அதற்காக யாரும் ஒரு விளக்குகூட ஏற்றவில்லை. பெயரில்லை, படமில்லை, திதியில்லை. அன்றைக்குத்தான் நானும் அதைக் குழந்தை என்று வாய்விட்டுச் சொன்னேன். கணவர் அழுததையும் அன்றுதான் பார்த்தேன்.

நெய்யை 48 நாள், இரவில் கணவன் மனைவி இருவரும் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். என்னைப் போல இழந்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: நெய்ப் பிரசாதம் கிடைத்துவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திரும்பத் திரும்பக் கலைந்திருந்தால் தைராய்டு, ரத்தம் உறைவது சம்பந்தமான பரிசோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஃபோலிக் அமில மாத்திரையும் நெய்யும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. கரு தங்கி, ஸ்கேனில் இதயத்துடிப்பு கேட்டதும் எண்ணெய்க்கு வருவதாக அம்பாளிடம் சொல்லியிருக்கிறேன்.